படத்தைக் கொண்டுபோய்க் கொடு, தம்பி

அன்புத் தம்பி,

இயேசுவுக்கே புகழ்.

புனித வாரத்துக்கு மதுரை வருகிறாய், புதுக் கேமராவோடு நண்பனையும் கூட்டி வருகிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். எங்கெங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறாய். இடங்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் நேரம், ஏனென்றால் நம் ஊர் வெளிச்சம் யாருக்கும் காத்திருக்காது.

காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் பொன்னொளி கிடைக்கும் என்று வீடியோக்களில் கேட்டிருப்பாய். அது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். அங்கே சூரியன் சாய்வாக ஏறி, சாய்வாக இறங்கும். மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால், இங்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறிவிடும், 4 நிமிடத்துக்கு 1 பாகை. தொடுவானத்திலிருந்து 6 பாகை உயரும் வரைதான் அந்த மஞ்சள் ஒளி என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது 25 நிமிடம். ஏப்ரல் தொடக்கத்தில் 6:15 வாக்கில் உதயம், 6:40க்கு எல்லாம் முடிந்துவிடும். மாலையில் 6:27 வாக்கில் மறையும், அதன்பிறகு நீல ஒளி இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதனால் காலை 5:45க்கே நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிடு. இருட்டில் போய் இடம் பிடிப்பவனுக்குத்தான் படம்.

உச்சிப்பொழுதும் 12 மணிக்கு வராது. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைக் கோட்டுக்குக் கணக்கிட்டது. மதுரை 78.1ல் இருக்கிறது. அந்த வித்தியாசத்தால் இந்த மாதங்களில் நமக்கு உச்சி 12:20ஐ ஒட்டி வரும். ஏப்ரல் 15, 16 வாக்கிலும் ஆகஸ்ட் 27 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். புனித வாரம் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அந்த வெயிலில் யாரையும் நடுத்தெருவில் நிறுத்திப் படம் எடுக்காதே. கண்குழி இரண்டும் கருத்துப்போய், மூக்கு நுனி மட்டும் வெளுத்துத் தெரியும்.

அந்த நேரத்துக்குத் திண்ணை இருக்கிறது. நிழல் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே உட்காரவைத்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பச் சொல். தெருவில் விழும் வெயில் எதிர்ச்சுவரில் பட்டு, மெத்தென்று முகத்துக்குத் திரும்பி வரும். எதிர்ச்சுவர் வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. பச்சைச் சுவரென்றால் முகத்தில் பச்சை ஏறும், இரண்டு வீடு தள்ளிப் போய்விடு. சிவப்பு, ஆரஞ்சுத் துணிப் பந்தலுக்கு அடியில் இன்னும் மோசம். அந்தத் துணி மற்ற நிறங்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், பிறகு நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் தோலின் நிறம் திரும்பி வராது. பந்தலின் விளிம்புக்கு அழைத்து வருவதுதான் ஒரே வழி.

நம் மக்களின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கறுத்த முகத்தில் வைத்தால் முகத்தை வெளுக்கவைக்கும், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறை (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்). வெள்ளை வேட்டி சட்டையில் முழு உருவமாக எடுத்தால், மீட்டர் துணியைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கும். அப்போது அரை ஸ்டாப் கூட்டு, ஆனால் துணியின் மடிப்புகள் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார். எடிட்டிங்கில் யாரையும் வெளுக்கவைக்காதே. ஆண்டவர் கொடுத்த நிறத்தைச் சரியாகக் காட்டுவது நம் வேலையில் பாதி.

இப்போது இடங்கள். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு விடிகாலையில் போ. தண்ணீர் இருந்து காற்றும் இல்லையென்றால் மைய மண்டபம் அப்படியே தலைகீழாக விழும். 7 மணிக்கு மேல் காற்று கிளம்பி, சிற்றலை அதைக் கலைத்துவிடும். 1636ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்கு அவசரப்பட வேண்டாம், கதவு 9 மணிக்குத்தான் திறக்கும். அந்தப் பருத்த வெள்ளைத் தூண்களைப் பார்த்து மீட்டர் ஏமாறும், ஒரு ஸ்டாப் வரை கூட்டிக்கொள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு பார், அதுவும் நல்லதுதான்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கட்டாயம் போ. பாறையில் புடைத்திருக்கும் தீர்த்தங்கரர் உருவங்களுக்கு நேரெதிர் வெளிச்சம் ஆகாது, பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் வேண்டும். இல்லாவிட்டால் புடைப்பு தட்டையாகிவிடும். கல்வெட்டு எழுத்து தெளியவில்லை என்று சிலர் சாக்பீஸ் தேய்ப்பார்கள், நீ செய்துவிடாதே. நண்பன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தானாக எழும்பும். அது வேறொரு சமயத்தாரின் தவ இடம். நம் கோயிலில் எப்படிச் செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்துவாயோ அப்படியே அங்கேயும் இரு. கதிரவனை எல்லார் மேலும் உதிக்கச் செய்கிறவரைத்தான் நாம் கும்பிடுகிறோம்.

மதுரை – ராமேஸ்வரம் சாலையில் 36 கிலோமீட்டர் வாக்கில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் வயல்வெளிக்கு நடுவே, பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தின் சாயலில், ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1894ல் கட்டியது. கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்பக்கம் சாய்வதுபோல் வரும். பின்னால் தள்ளிப் போய், கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே மிஞ்சுகிற தரையைப் பிறகு வெட்டிக்கொள். உள்ளே வண்ணக் கண்ணாடிக்குத் தனி எக்ஸ்போஷர், பீடத்துக்குத் தனி எக்ஸ்போஷர். ஒரே படத்தில் இரண்டும் வேண்டுமென்றால் டிரைபாடில் வைத்து இரண்டிரண்டு ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்துச் சேர்க்கவேண்டும். பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டு டிரைபாடை விரி. ஜெபிக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் விரிக்காதே.

குருத்தோலை ஞாயிறு பவனியில் சூரியனுக்கு எதிராக நில். வெளிச்சம் ஓலையை ஊடுருவி வரும்போதுதான் அந்த இளமஞ்சள் எரியும். 7 மணிக்குச் சூரியன் 11 பாகை உயரத்தில் இருக்கும், அதற்குமேல் ஓலை வெறும் ஓலைதான்.

நீ கேட்காமலேயே நான் எழுத நினைத்தது, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பைப் பற்றித்தான். கோயில் முழுக்க இருட்டு. வெளியே புது நெருப்பை மந்திரித்து, பாஸ்கா திரியை ஏற்றிக்கொண்டு வரும் குருவானவரோ திருத்தொண்டரோ கிறிஸ்துவின் ஒளியை மூன்று முறை பாடி அறிவிப்பார். ஒவ்வொரு முறையும் மக்கள் இறைவனுக்கு நன்றி என்று பாடுவார்கள். வெளிச்சம் வந்ததும் நாம் சொல்லும் முதல் வார்த்தை நன்றி. கேமரா தூக்குகிறவன் அதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

அந்த இருட்டில் கேமராவோடு வரும் 18–55 லென்ஸ் திணறும். எஃப் எண் ஏற ஏற லென்ஸின் திறப்பு சுருங்கும்; எஃப் 5.6ல் நுழைவது எஃப் 1.8ல் நுழையும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள். ஷட்டர் 1/80 நொடி, ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 3200, முகம் இன்னும் இருண்டால் 6400. மெழுகுதிரி முகத்திலிருந்து ஓரடியில் இருப்பவரைத் தேர்ந்தெடு. இரண்டடி தள்ளிப் பிடித்திருந்தால் முகத்துக்குக் கால்பங்குதான் வரும். ஒன்றரை மீட்டரில் நின்றால் ஃபோகஸ் ஆழம் 6, 7 செ.மீ.தான், உனக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வை. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 2500 கெல்வின் பக்கம் நிறுத்து. முழுதும் வெள்ளையாக்கிவிட்டால் அது டியூப்லைட் வெளிச்சமாகிவிடும், மெழுகின் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சட்டும். ஃபிளாஷ் மட்டுமல்ல, ஃபோகஸுக்காகக் கேமரா அடிக்கும் அந்தச் சின்ன விளக்கையும் மெனுவில் போய் அணைத்துவை.

பல பங்குகளில் வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் ஒலிக்க, விளக்குகள் ஒரே நொடியில் எரியும். மெழுகுதிரிக்கு வைத்த அளவு அப்போது எல்லாவற்றையும் வெளுக்கடித்துவிடும். இன்னொரு அளவை முன்கூட்டியே கஸ்டம் மோடில் போட்டுவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் சீரியல் செட்டும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/250 வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 வை. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் அந்தப் பட்டை இன்னும் மோசமாகும், விளக்கு வந்தபின் சாதாரண ஷட்டருக்கு மாறு. குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிடு. அந்தப் படம் உனக்கு வேண்டாம்.

நண்பனைப் பற்றி. இரண்டு பேர் போதும். நாலு பேர் கேமராவோடு ஒரு கிராமத்துத் தெருவுக்குள் நுழைந்தால் அது படையெடுப்பு. அவன் கையில் தெர்மாகோல் அட்டை ஒன்று, இரண்டடிக்கு மூன்றடி இருந்தால் போதும். முகத்திலிருந்து மூன்றடி தூரத்தில், நெஞ்சு உயரத்தில், இருட்டாக இருக்கும் பக்கம் பிடிக்கச் சொல். அட்டையை விடப் பெரிய உதவி அவன் பேச்சு. நீ கேமராவுக்குள் கண்ணை நுழைத்திருக்கும்போது, எதிரே இருக்கிற அம்மாவிடம் பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி அவன் விசாரித்துக்கொண்டிருந்தால், விறைத்த முகம் இளகும். பாதி நாள் கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டு நீ அட்டையைப் பிடி.

கேமராவை எடுப்பதற்கு முன்னால் கேள்: “அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. சரி என்றால், நீ ஆசைப்படும் படத்தை எடுத்தபின் அவர்களுக்காக ஒன்று எடு. செங்குத்தாக, மார்பளவு, கண் திறந்து, கேமராவைப் பார்த்தபடி, பின்னால் வெறும் சுவர். தலைக்கு மேலேயும் இரு பக்கமும் தாராளமாக இடம் விடு. கிராமத்துப் பெரியவர்கள் பலருக்கு ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைத் தவிர வேறு படம் இருக்காது. சாவு வீட்டில், மாலை போட ஒரு படம் இல்லாமல், கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கலங்கிப்போன முகத்தை மாட்டிவைப்பார்கள். நீ எடுக்கும் அந்த ஒரு படம் அவர்கள் வீட்டில் ஐம்பது வருஷம் தொங்கலாம். 12க்கு 18 அங்குலம் பெரிதாக்க 2400க்கு 3600 பிக்சல் போதும், உன் கேமராவில் அதற்கு மேலேயே இருக்கும்.

பிறகு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. நான் இவ்வளவு எழுதியதும் இதைச் சொல்லத்தான். பத்துத் தொழுநோயாளர் குணமானார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவர். படமெடுக்கும் நம் கூட்டத்திலும் கணக்கு ஏறக்குறைய அதுதான். முகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

பாக்கெட் நோட்டில் பெயர், தெரு, பக்கத்து அடையாளம், படத்தின் எண் நான்கையும் அங்கேயே எழுது. சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்றால் எந்த முகம் எந்த ஊர் என்று குழம்பும். நாலுக்கு ஆறு அளவு, 1200க்கு 1800 பிக்சல். கேமராப் படம் அதில் அப்படியே பொருந்தும். நண்பன் கைபேசியில் எடுப்பது பெரும்பாலும் நாலுக்கு மூன்று வடிவம், லேபில் அதன் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். வெட்டை அவர்களிடம் விட்டால் படுக்கைவாட்டில் எடுத்த படத்தில் உச்சந்தலை போய்விடும், நீயே வெட்டிக் கொடு. திரை வெளிச்சத்தை முழுதாக வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் பிரிண்ட் இருட்டாக வரும். திரையைப் பாதிக்குக் குறைத்துப் பார், முதலில் ஒன்றே ஒன்று போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கால் ஸ்டாப் கூட்டி மீதியைக் கொடு. மினுமினுப்புத் தாளில் விரல் ரேகை ஒட்டும். வீட்டில் கைமாறிக்கொண்டே இருக்கப்போகும் படத்துக்கு மேட் தாளே மேல்.

பின்பக்கம் ஊரும் தேதியும் எழுதிக் கொடு. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முகத்தில் தடம் விழும். சிடி மார்க்கரில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இரண்டு நிமிடம் காயவிடு. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து திங்கள்கிழமையை ஊர் திரும்புவதற்கு வைத்திருக்கிறாய். டிக்கெட்டைச் செவ்வாய்க்கு மாற்று. திங்கள் காலை பிரிண்ட் வாங்கினால், மாலைக்குள் கீழக்குயில்குடிக்கும் இடைக்காட்டூருக்கும் ஒரு தடவை போய் வந்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்