ஒரு நாள் பிசகு

அன்புள்ள சேது,

நலம், நலமறிய ஆவல். நீதிபதி இத்தனை ஆண்டு என்று தீர்ப்பெழுதிய பிறகு, கணக்கு சரியில்லை என்று கைதி வழக்குப் போட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். தீர்ப்பு ஆண்டுகளைத்தான் சொல்லும். விடுதலைத் தேதியைக் குறிப்பது சிறை அலுவலகம். விசாரணையின்போது உள்ளே இருந்த நாட்கள், நன்னடத்தைக் கழிவு, இரண்டு தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிப்பதா ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது என எல்லாச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். அங்கே மத்திய அரசின் சிறைகளில் நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழிவு உண்டு. பத்தாண்டுத் தண்டனைக்கு 540 நாள் என்று கைதிகள் பெருக்கினார்கள். 470 நாள்தான் என்றது சிறைத்துறை. கழிவு பெற்று முன்னதாக வெளியேறுகிறவன் கடைசிப் பகுதியைச் சிறையில் கழிப்பதே இல்லை, கழிக்காத காலத்துக்கு நன்னடத்தை ஏது என்பது துறையின் வாதம். 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் துறையின் பக்கம் நின்றது. நீதிபதி பிரையர் எழுதிய அந்தத் தீர்ப்பில் இயற்கணிதமே இடம்பெற்றிருக்கிறது. ஒரு சட்ட வாசகத்தை இரண்டு விதமாகப் படிக்க முடியுமென்றால் சிறையில் இருப்பவனுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் 2018-இல் சட்டத்தையே திருத்தி 54 நாளை முழுத் தண்டனைக்கும் கணக்கிடச் செய்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் அந்தத் திருத்தத்தால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள்.

நம் நாட்டில், காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, அனுபவித்த காலத்தோடு கழிவையும் கூட்டினால் இருபதாண்டு கடந்துவிட்டது என்று வழக்காடினார். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான், சட்டத்தில் ஆயுளை இருபதாண்டாகக் கொள்வது, தண்டனையில் பாதி, கால் என்று பின்னம் கணக்கிட மட்டுமே என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் கட்சிக்காரர் ஒருவரின் விவகாரம் இவ்வளவு பெரிதில்லை. இரண்டு முறை காவலில் இருந்தவர். முதல் முறை ஜாமீனுக்கு முன் கழிந்த நாட்கள், தண்டனைக்காக நீதிமன்றம் சிறைக்கு அனுப்பும் வாரண்டில் ஏறவே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவில், இன்றைய சட்டத்தில் 468, அதைக் கழித்தே ஆக வேண்டும். மனுவில் 95 நாள் என்று எழுதிக் கையெழுத்துக்கு எடுத்துப் போனேன். அவர் ஒரு நோட்டின் அட்டைக்குள் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடு போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்து 96 என்றார். பார்த்தால் அது லீப் வருடம். பிப்ரவரி 29-ஐ நான் விட்டிருந்தேன். அங்கேயே அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டேன்.

என்றும் அன்புடன்,
ராகவன்