மருந்தடித்த பாத்தியில் நோய் எதிர்ப்பைச் சோதிக்காதீர்கள்

பீன்ஸ் ரகங்களை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்துக்கான உங்கள் பட்டியல் கைக்கு வந்தது. மகசூலுக்குத் தசமப் புள்ளி வரை கணக்கு இருக்கிறது. நோய் எதிர்ப்புக்கு ஒரு டிக். ஒரு ரகத்துக்காவது அந்த டிக் விடுபட்டிருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை.

போன பட்டியலில் முதலிடம் பிடித்த ரகத்தைத்தான் விதைத்திருந்தேன். முளைப்பில் குறை இல்லை, பூவும் நன்றாகவே பிடித்தது. பிஞ்சு விரல் நீளம் வந்த சமயத்தில் இலையின் அடிப்பக்கம் வெளுத்த புள்ளிகள் தெரிந்தன. சில நாளில் அவை வெடித்து, தொட்டால் விரலில் செங்காவிப் பொடி ஒட்டியது. துரு நோய். அப்புறம் காயிலும் அதே கொப்புளங்கள். பறித்ததைத் தரம் பிரிக்க உட்கார்ந்தால், நல்ல காயைவிடக் கழிவுக் குவியல்தான் பெரிதாக இருந்தது. இத்தனைக்கும் மொத்த எடை மோசமில்லை. துரு ஏறிய காயும் தராசில் எடை காட்டத்தானே செய்யும்? உங்கள் கணக்குப்படி அது மகசூல். வாங்குபவர் கணக்குப்படி குப்பை.

விளக்கம் கேட்டதற்கு, உங்கள் தரப்பில் "அட்டவணைப்படி மருந்து அடித்தீர்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சோதனைப் பாத்திகளிலும் அதே அட்டவணைப்படி பூஞ்சைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. குடை பிடித்து நடந்தவருக்கு, மழையைத் தாங்கும் உடம்பு என்று சான்றிதழ் கொடுத்த கதைதான் இது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மருந்தடிக்காத பாத்திகளிலும் ஒவ்வொரு ரகத்தையும் வளருங்கள். அங்கே வந்த நோய் மதிப்பெண்ணையும், விற்கத்தக்க காயின் எடையையும் மகசூலுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நோயே எட்டிப் பார்க்காத பருவத்தில் எல்லா ரகமும் எதிர்ப்பு ரகம்தான். அதனால்தான் எளிதில் நோய் பிடிக்கும் ஒரு ரகத்தை முன்கூட்டியே இடையிடையே விதைத்து, நோயைப் பரவவிட்டுச் சோதிப்பார்கள். மதிப்பெண் போட சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையம் 1987-இல் வெளியிட்ட அளவுகோல் இருக்கிறது: 1 முதல் 3 வரை எதிர்ப்பு, 4 முதல் 6 வரை இடைநிலை, 7 முதல் 9 வரை நோய்க்கு எளிதில் ஆளாவது. எங்களைவிட உங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எந்த நோய்க்கு எதிர்ப்பு என்பதையும் அந்த டிக் சொல்வதில்லை. துருப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. ஒன்றுக்கு அசையாத ரகம் இன்னொன்றிடம் சுருண்டுவிடும். தேமல் நோயில் இன்னும் சிக்கல். 'ஐ' (I) என்ற எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தில் சாதாரணத் தேமல் வைரஸ் பரவாது. ஆனால் அதன் உறவுக்கார வைரஸ் ஒன்றை அசுவினிப் பூச்சி கொண்டுவந்து சேர்த்தால், அதே மரபணு காரணமாகவே வேர் முதல் நுனி வரை கருகிச் செடி செத்துப்போகும். இரண்டையும் ஒரே டிக்குக்குள் அடைத்தால் விதைப்பவர் எதை நம்புவது?

மதிப்பீட்டில் இடிப்பது நோய் மட்டுமல்ல. இயந்திரம் ஒரே தடவையில் அறுப்பதற்காக உருவான குத்துச்செடி ரகத்தையும், பல வாரம் பறிக்கும் கொடி ரகத்தையும் ஒரே பறிப்பில் எடை போட்டு வரிசைப்படுத்துகிறீர்கள். கொடி பீன்ஸ் தோற்காமல் என்ன செய்யும்? நோய் விவரத்துக்கு இடமில்லாத அறிக்கையில், வயல் நாளன்று எடுத்த குழுப்படத்துக்கு முழுப் பக்கம் கிடைத்திருக்கிறது. படத்தில் எல்லாரும் தெளிவாகத் தெரிகிறீர்கள். செடிதான் தெரியவில்லை.

சரி, மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

அடுத்த பட்டியல் அச்சுக்குப் போகுமுன், மருந்தடிக்காத பாத்தியின் நோய் மதிப்பெண்ணையும் விற்கத்தக்க காயின் எடையையும் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இப்போதைய பட்டியலில் எந்தெந்த ரகத்துக்கு எத்தனை முறை மருந்து அடித்தீர்கள் என்பதையாவது தெரிவியுங்கள். அது உங்கள் களப் புத்தகத்திலேயே இருக்கும். விதைப்புக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பீன்ஸ் பயிரிடும் ஒருவர்