போடலாமா, வேண்டாமா?

அன்பு யாழினி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பக்கத்தில் உன் அம்மா போனுக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் 'குண்டு போட்டால் இது தீராது' என்று ஒரு பையன் எழுதிய கட்டுரையை உங்கள் காலேஜ் பேப்பரில் போடலாமா கூடாதா என்று ஆசிரியர் குழுவுக்குள் அடிதடி. என்னைக் கேட்டால் போடலாம். ஆனால் வந்தபடியே போடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

2001 செப்டம்பரில் நான் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். அங்கே மாணவர்கள் நடத்தும் 'டெய்லி கலிஃபோர்னியன்' 1871-இல் தொடங்கியது. 1971-இலிருந்து பல்கலைக்கழகத்தின் பிடியில் இல்லாமல் தனியாக நடக்கிறது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்து சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, அதில் ஒரு கார்ட்டூன் வந்தது. விமானத்தைக் கடத்தியவர்கள் இருவர், தாடியும் தலைப்பாகையுமாக, நரகத்தில் ஒரு பூதத்தின் உள்ளங்கையில் நிற்கிறார்கள். சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து மகிழ்ந்துபோகிறார்கள்.

அன்றைக்கே ஒரு கூட்டம் பேப்பர் ஆபீசுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இது முஸ்லிம்கள் எல்லோரையும் குறிவைக்கிறது, மன்னிப்புக் கேளுங்கள் என்று. அவர்களுடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது. மூன்று நாள் முன்னால்தான் அரிசோனாவில் மேசா என்ற ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு சீக்கியரை, தலைப்பாகையைப் பார்த்து அரபுக்காரர் என்று நினைத்து ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். உன் பாட்டி ஊரிலிருந்து போன் போட்டு, "முதல்ல அந்தத் தாடியை எடுத்துத் தொலைடா" என்றாள். எடுத்துவிட்டேன்.

ஆசிரியர் குழு மன்னிப்புக் கேட்கவில்லை. அதே வருஷத் தொடக்கத்தில், அடிமை முறைக்காகக் கறுப்பினத்தவருக்கு இழப்பீடு தரக் கூடாது என்ற விளம்பரத்தைப் போட்டுவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்ட பேப்பர்தான் அது. இந்த முறை அசையவில்லை. மாணவர் பேரவையில் ஆபீஸ் வாடகையை ஏற்றிவிடலாம் என்றுகூடப் பேச்சு எழுந்தது. கார்ட்டூன் சோம்பேறித்தனமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர்கள் அசையாமல் நின்றது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு ஆறாதது வேறு. அந்தக் கார்ட்டூனுக்கு நாலு நாள் முன்னால், செப்டம்பர் 14 அன்று, வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதன் உயிரான பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 வார்த்தை. தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், உதவியவர்கள், அடைக்கலம் கொடுத்தவர்கள் என்று ஜனாதிபதி யாரை முடிவு செய்கிறாரோ, அவர்கள் மேல் படையை ஏவலாம். நாட்டின் பெயர் இல்லை, கெடுத் தேதி இல்லை. செனட்டில் 98-க்கு 0. கீழவையில் 420-க்கு 1. அந்த ஒருவர் எங்கள் தொகுதி உறுப்பினர் பார்பரா லீ, பெர்க்லியிலேயே படித்தவர். வெளியே வரும் வழியும் குறிப்பான இலக்கும் இல்லாமல் முடிவில்லாத போரில் இறங்கிவிடக் கூடாது என்று சபையிலேயே சொன்னார். கொலை மிரட்டல் குவிந்து, அவருக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

அந்த வாசகத்தைக் காட்டித்தான் ஆப்கானிஸ்தானில் 20 வருஷம் போர் நடந்தது. கியூபாவில் இருக்கும் அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் ஆட்களை வழக்கு விசாரணை இல்லாமல் அடைத்து வைத்தார்கள். 2014-இல் ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். என்ற ஆயுதக் குழுவின் மேல் குண்டு போட்டபோதும் கையில் எடுத்தது அதே காகிதத்தைத்தான். 2001-இல் அப்படி ஒரு பெயரே கிடையாது.

கேம்பஸில் அப்போது நான் படித்த வாசகர் கடிதங்களில் ஒரு பாதி 'தரைமட்டமாக்கு'. மறு பாதி 'அமெரிக்கா விதைத்ததை அறுக்கிறது'. இரண்டையும் எழுதுவது சுலபம். யார் முடிவெடுப்பது, யார் மேல், எதுவரை என்று கேட்ட கடிதம் அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது.

அதனால், அந்தப் பையனிடம் இந்த மூன்றையும் கேள்: யார் முடிவெடுப்பது, யார் மேல், எதுவரை. கூடவே இதையும் கேள்: குண்டு வேண்டாம் என்றால் சரி, நாளைக் காலை அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? குற்றவாளிகளை யார், எந்தச் சட்டத்தில் பிடிப்பது? பதிலடி வேண்டும் என்று சண்டை போடுகிற உன் சகாவையும் எழுதச் சொல். அவரிடமும் அதே மூன்று கேள்விதான், சலுகை கிடையாது. அரசாங்கம் ஏதாவது தீர்மானம் கொண்டுவந்தால் அதன் வாசகத்தை முழுசாகப் பெட்டிச் செய்தியாகப் பக்கத்திலேயே போடு.

அப்புறம் பெயர் விஷயம். மொட்டைக் கடுதாசியைப் பேப்பரில் போடக் கூடாது என்பது என் பழைய கட்சி. ஆனால் காலம் வேறு மாதிரி இருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர் பேப்பரில் நாலு பேர் சேர்ந்து, காசா பற்றிய மாணவர் பேரவைத் தீர்மானங்களைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். அதில் ஒருவர் துருக்கியிலிருந்து விசாவில் வந்த ஆராய்ச்சி மாணவி. மறு வருஷம் மார்ச்சில் முகத்தை மூடிய குடியேற்றத் துறை அதிகாரிகள் அவரைத் தெருவில் மடக்கிப் பிடித்தார்கள். ஹமாஸுக்கு ஆதரவானவர் என்றார்கள். நீதிமன்றம் விடச் சொல்லும் வரை லூசியானாவில் ஆறு வாரம் அடைபட்டுக் கிடந்தார். ஆகவே எழுதுகிற பிள்ளை விசாவில் இருந்தால், பெயரைப் போடலாமா என்று நேரில் கேள், ஈமெயிலில் கேட்காதே. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. உனக்கு இங்கே பிறந்த பாஸ்போர்ட் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். மூன்றாவது பத்தி 'எல்லோருக்கும் தெரியும்' என்று ஆரம்பிக்கிறது. அதை அடித்துவிட்டு, தனக்கு எப்படித் தெரியும் என்று அவனை எழுதச் சொல். நாளை இரவு பேசுவோம்.

அன்புடன்,
அப்பா