கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும்தான் மனுவா? வட ஆற்காட்டுச் சபைகளின் ஆயர்களுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயாமார்களுக்கும் குருசேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

காட்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மிஷன் பள்ளியில் 31 வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதைவிட அதிக காலம் இருக்கிறேன். உங்களில் சிலருக்கு ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். நம் பக்கத்து மதுக்கடைகளைப் பற்றி நேரில் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். "பார்க்கலாம்மா" என்றீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுத வேண்டியதாயிற்று.

போன டிசம்பரில் எங்கள் பக்கத்துச் சபைகள் சேர்ந்து கிறிஸ்துமஸ் விழா நடத்தின. அரசியல் பிரமுகர் ஒருவர் வந்தார். சால்வை, கேக், இரண்டு பாட்டு. அப்புறம் கமிட்டி சார்பில் கோரிக்கை மனு வாசிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வேண்டும். பழைய ஆலயத்தைப் பழுதுபார்க்க மானியம் வேண்டும். புது ஜெபவீடு கட்ட அனுமதியை இழுத்தடிக்கக் கூடாது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் இனத்தில் சேர்க்க வேண்டும். நான்குமே நியாயமானவை, நானும் கை தட்டினேன். எனக்கு முன் வரிசையில் என் பழைய மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவள் புருஷனை அடக்கம் பண்ணினோம். ஈரல் கெட்டுச் செத்தான். நாற்பதைத் தாண்டவில்லை. கல்லறைக்கு இடம் கேட்கிற நாம், அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கடையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவள் தலை குனிந்தபடியே இருந்தாள்.

என் மனக்குறை முழுவதும் அந்த ஒரு வரிதான்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937ல் சேலத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும் போயிற்று. 1939ல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது. மாகாணம் முழுவதற்கும் வர 1948 ஆயிற்று. அதாவது மற்ற பல மாவட்டங்களுக்கு ஒன்பது வருஷம் முன்பே இந்த மண்ணில் கடை சாத்தப்பட்டது. எங்கள் ஆயா அந்தக் காலத்தைச் சொல்லுவார். சபையில் சேர்ந்த குடும்பம் என்றால் சாராயம் தொடாத குடும்பம் என்று ஊரே எடுத்துக்கொள்ளுமாம். கூலிக்குக் கூப்பிடும் பண்ணைக்காரர்கூட "கோயில் ஆளா, சரி வா" என்பாராம். சொத்து இல்லை, சாதி மரியாதை இல்லை. அந்தப் பேர் ஒன்றுதான் நமக்கு இருந்தது.

1971ல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, 92 வயது ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் நம் சபைக்காரர் இல்லை. அந்த வயதில் அவருக்கு ஓட்டும் வேண்டாம், பதவியும் வேண்டாம். ஆனாலும் படியேறிப் போனார். அதன் பிறகு கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 1983ல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. அன்றைக்கு ஒரு பெரிய மாற்றம் நடந்ததை நாம் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதுவரை குடி என்பது மனிதன் செய்யும் பாவம், அரசு அதைத் தடுக்கும் அல்லது கண்டுகொள்ளாமல் விடும். 2003க்குப் பிறகு அரசே கல்லாவில் உட்கார்ந்தது. 2024-25ல் இந்த வியாபாரத்தில் அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிக்க வைக்கிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் சொன்னதை நீங்கள் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள், பிரசங்கித்தும் இருப்பீர்கள். குடிக்கிறவனை மட்டும் எச்சரித்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். ஊற்றிக் கொடுக்கிறவனிடம் அந்த வசனத்தை யார் எடுத்துப் போவது?

இந்த இடத்தில் நம் மேலேயே ஒரு குற்றம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் பக்கத்தில் கடை வைக்கக் கூடாது என்று 2003 விதிகளில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். சில வருஷத்துக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்த ஒரு சபையின் ஆலயத்துக்குப் பக்கத்தில் கடை ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. கமிட்டி மனு கொடுத்தது, அதிகாரிகள் டேப் பிடித்து அளந்தார்கள், ஆறு மாதத்தில் கடையை மாற்றினார்கள். ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். நானும் போய்க் காணிக்கை போட்டேன்.

கடை எங்கே போனது தெரியுமா? காலனிக்குப் போகிற மண் ரோட்டு முனைக்கு. அங்கே கோபுரம் வைத்த ஆலயம் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஓட்டுவீட்டுத் திண்ணையில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் மட்டும் நடக்கும். டேப்புக்கு அது வழிபாட்டுத் தலம் ஆகாது. அந்தக் காலனியில் பாதிக் குடும்பங்கள் நம் சபைக் குடும்பங்கள். தோல் தொழிற்சாலைக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால், வீட்டுக்கு முன்னால் கடை. ஆலயத்தின் சுற்றுச்சுவரைக் காப்பாற்றினோம், சபையை அல்ல. நான் முதலில் சொன்ன பெண்ணின் வீடு அந்த ரோட்டில்தான் இருக்கிறது. ஸ்தோத்திர ஆராதனையில் நான் போட்ட காணிக்கையை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"சபை அரசியல் பேசக் கூடாதும்மா" என்று எனக்குப் பதில் வந்தது. பேசியிருக்கிறோமே ஐயா. 2002ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது உபவாசம் இருந்தோம், ஊர்வலம் போனோம், எல்லா மேடையிலும் பேசினோம். 2004ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். நம் ஊர் வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. தன் மாணவர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017ல் எம்.பி.பி.எஸ். சேர்க்கையையே ஒரே ஒரு இடத்தோடு நிறுத்திக்கொண்டு நின்றது. 2020ல் தீர்ப்பு பாதகமாக வந்தாலும், நின்றார்கள் என்பது நின்றதுதான். தலித் கிறிஸ்தவர்களுக்காக 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்ததற்குப் பின்னால் எத்தனை வருஷத்து நடை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நம் உரிமை என்று வரும்போது நமக்கு வாய் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரனுக்கும் சேர்த்துப் பேச வேண்டிய காரியத்தில்தான் அரசியல் நினைவுக்கு வருகிறது. பாபிலோனில் தானியேல் ராஜாவின் திராட்சரசத்தை வேண்டாம் என்று ஒதுக்கினார். அதே ராஜாவுக்கு உண்மையாக ஊழியமும் செய்தார். இரண்டும் ஒரே மனிதனால் முடிந்திருக்கிறது.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்" என்பது இரண்டாவது பதில். இதை நான் தள்ளிவிடவில்லை. அணைக்கட்டு, பேரணாம்பட்டு மலைப்பக்கத்தில் சாராய ஊறலை அழித்ததாகப் பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றபோது தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் அரசுக் கடைகள் திறந்துதானே இருந்தன? கையில் காசு குறைந்தவன் கடையைத் தாண்டி மலிவானதைத் தேடிப் போனான். நாளைக் காலையில் எல்லாக் கடையையும் ஒரே பூட்டில் சாத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 2016ல் 500, 2017ல் 500, 2023ல் 500 என்று மூடியிருக்கிறார்கள். அதைத் தொடரச் சொல்லலாம். அடுத்த 500 எங்கே என்று கேட்கும்போது, கூலி வேலைக் குடியிருப்புகளை முதலில் வையுங்கள் என்று சொல்லலாம். திறக்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். வருமானம் போய்விடும் என்பவர்களுக்கு லாட்டரியை ஞாபகப்படுத்தலாம். 2003ல் அதைத் தடை செய்தபோது அரசு ஒன்றும் படுத்துவிடவில்லை. குடியை நிறுத்த முடியாமல் தவிக்கிறவனை என்ன செய்வது என்பது நம் பங்கு. 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் தொடங்கிய ஊர் இது. யாரும் தொடாத தொழுநோயாளிகளைத் தொடுவதற்குக் கரிகிரியில் ஆஸ்பத்திரி கட்டிய ஊர். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. ஒரு ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபைகளுக்கு, அதாவது ஒரு குருசேகரத்துக்கு, வருஷத்துக்கு ஐந்து பேரையாவது கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போக நம்மிடம் ஆள் இல்லையா?

மூன்றாவது பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் சிறுபான்மை, எதற்குப் பகைத்துக்கொள்வது என்கிற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் மதுவிலக்கு நம் மதத்தின் தனிக் கோரிக்கை இல்லை. அரசியல் சட்டத்தின் 47வது பிரிவே அரசு அதற்கு முயல வேண்டும் என்கிறது. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஜமாத் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள், குடியை அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பாக வெறுக்கிறார்கள். ஒரே மனுவில் ஆயர் கையெழுத்தும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியின் கையெழுத்தும் இருந்தால் எந்த மாவட்ட ஆட்சியரும் அதைத் தள்ளி வைக்க யோசிப்பார்.

ஓட்டுக்குப் பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2019ல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன் அன்று வந்தது. பரிசுத்த வாரத்தில் ஆலய வளாகத்துப் பள்ளிகளில் பூத் போடுவதா என்று நாம் வருத்தப்பட்டோம், தேதியை மாற்றக் கேட்டோம். அதே வாரம், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், பணம் பிடிபட்டதால் வேலூர் தொகுதியில் தேர்தலே ரத்தானது. மறுபடி ஆகஸ்ட் 5ல் நடந்தது. வெறும் 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது. யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசைப் பற்றி நாம் தியானிக்கிற அதே வாரத்தில், காசு காரணமாக நம் ஊர்ப் பேர் நாடு முழுக்கச் செய்தியில் வந்தது. அந்த ஈஸ்டரில் ஒரு பிரசங்கத்திலாவது இது வருமா என்று காத்திருந்தேன். நான் உட்கார்ந்த ஆலயத்தில் வரவில்லை. கமிட்டித் தேர்தலிலேயே கவர் கொடுக்கிற பழக்கம் சில இடங்களில் வந்துவிட்ட பிறகு, பிரசங்க பீடத்திலிருந்து அதைச் சொல்ல நாக்கு எழாது என்பதும் எனக்குத் தெரியும்.

என் எண்ணங்கள் பழைய காலத்தவை என்று என் பேத்தி சொல்வாள். இருக்கலாம். கருவில் இருக்கும் பிள்ளையின் உயிரைப் பற்றி, 2021ல் சில காரணங்களுக்காகக் கருக்கலைப்பு வரம்பை 24 வாரம் வரை நீட்டியபோது நம் சபைகளில் ஒரு அறிக்கைகூட வாசிக்கப்படவில்லை என்பதும் எனக்கு வேதனை. அதற்கு இன்னொரு கடிதம் எழுதுவேன். இப்போது என் கண்ணுக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறவர்கள் பிறந்து வளர்ந்தவர்கள், நான் அ, ஆ சொல்லிக்கொடுத்தவர்கள்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், மனுவில் முதல் வரி அந்த மண் ரோட்டுக் கடையைப் பற்றி இருக்கட்டும், கல்லறைத் தோட்டம் இரண்டாவதாக வரட்டும். தேர்தல் நேரத்தில் ஆலய வளாகத்துக்குள் எந்த வேட்பாளருக்கும் சால்வையும் மைக்கும் வேண்டாம். வாசலில் நின்று வணக்கம் சொல்லட்டும், நாமும் சொல்வோம், அவர்களுக்காக ஜெபிப்போம். பார் நடத்துகிறவர் கொடுக்கும் நன்கொடையில் அறுப்பின் பண்டிகைப் பந்தல் போட வேண்டாம், வெயிலில் உட்கார எங்களுக்குப் பழக்கம் உண்டு. ஓட்டுக்குக் காசு வாங்காதே என்று, திருவிருந்துக்கு முன்னால், ஒரே ஒரு ஞாயிறு சொல்லுங்கள்.

எங்கள் ஐக்கிய சங்கப் பெண்கள் அந்தக் கடையை அங்கிருந்து எடுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறார்கள். இதுவரை 64 கையெழுத்து. என் மாணவியின் கையெழுத்துதான் முதலாவது. வருகிற திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுக்க, காலை எட்டரை மணிக்குக் காட்பாடியிலிருந்து பஸ் ஏறிச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். பதினோரு பேர். டோக்கன் வாங்க வரிசையில் நிற்போம். உங்களில் ஒருவராவது வந்து எங்களோடு நில்லுங்கள். அங்கி வேண்டாம், சாதாரணச் சட்டையில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தினள்,
ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை,
காட்பாடி வட்டம்