எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைத் தரவுகளை அலசி, பழுதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்தத் தரவு இயந்திரத்திலிருந்து மென்பொருளுக்கு வந்து சேரும் வழியைப் பற்றி அநேகமாக யாரும் எழுதுவதில்லை என்பதால் இக்கடிதம்.

ஆலைக் கருவிகளும் மென்பொருள்களும் தரவைப் பரிமாறிக்கொள்ள 1996-இல் ஓபிசி என்ற பொது நெறிமுறை வரும்வரை, ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் தனித்தனியே டிரைவர், அதாவது அதை மென்பொருளுடன் இணைக்கும் நிரல், எழுத வேண்டியிருந்தது. அதன் வழிவந்த ஓபிசி யூஏ இன்று ஐஇசி 62541 என்ற பன்னாட்டுத் தரநிலையாகவே இருக்கிறது. சி, ஜாவா, பைத்தான் என்று பல மொழிகளில் அதற்கான டூல்கிட்டுகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சில வரிகள் எழுதினாலே கொதிகலனின் வெப்பநிலை திரையில் வந்துவிடும். இந்த எளிமையில்தான் வில்லங்கமும் இருக்கிறது.

கருவியின் தரவை மென்பொருளுக்குத் தரும் ஓபிசி சர்வர் அனுப்புவது வெறும் எண் அன்று. அது எந்த நேரத்துக்குரியது, நம்பத்தக்கதா என்ற இரு செய்திகளும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. சென்சாரின் கம்பி அறுந்துபோனால், கடைசியாகப் படித்த எண்ணையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டு, நம்பத்தக்கதா என்று சொல்லும் தரக்குறியை மட்டும் மாற்றிவிடும் சர்வர்கள் உண்டு. பழைய ஓபிசியில் 192 என்றால் நல்ல தரவு, 0 என்றால் நம்பக்கூடாத தரவு. ஆனால் நான் பார்த்த மாதிரி நிரல்கள் பலவற்றில் எண்ணை மட்டும் எடுத்துக் காட்டும் வரிதான் முதலில் இருக்கிறது. புதிதாக வருபவர் அதை அப்படியே நகலெடுக்கிறார், அவர் மீது குறை சொல்ல என்ன இருக்கிறது?

பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கும்போது நிலைமை இன்னும் மோசம். சேமிப்பிடத்தை மிச்சப்படுத்த, அளவு மாறும்போது மட்டுமே பதிவு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒரு குழாயின் அழுத்தம் 50 நிமிடம் 4 பாரில் அசையாமல் நின்று ஒரே ஒரு பதிவாகவும், அடுத்த 10 நிமிடம் 6 பாரை ஒட்டித் தடுமாறி 60 பதிவுகளாகவும் இருந்தால், பதிவுகளைக் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 6 பார். நேரத்தைக் கணக்கில் கொண்டால் உண்மையான சராசரி சுமார் 4.3 பார்தான். ஓபிசி யூஏ இவ்விரண்டையும் தனித்தனிக் கணக்கீடுகளாகவே வரையறுத்துள்ளது. எதைக் கேட்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவதுதான் அரிதாக இருக்கிறது.

எனவே, தரக்குறியையும் நேரத்தையும் சோதிக்கும் வரிகள் டூல்கிட்டின் முதல் மாதிரி நிரலிலேயே இடம்பெற வேண்டும். மென்பொருளை வாங்கும் ஆலை நிர்வாகங்களும், ஒப்புதல் சோதனையின்போது ஒரு சென்சாரின் கம்பியைக் கழற்றிவிட்டு, திரை என்ன காட்டுகிறது என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
ஆலைத் தானியங்கித் துறை மென்பொருள் பொறியாளர் ஒருவர்