அஞ்சலட்டையின் மறுபக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய நாட்டாரியல் அறிஞரும் கவிஞருமான யனகிதா குனியோ அனுப்பிய பழைய பட அஞ்சலட்டை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்தமைக்கு நன்றி. ஆயினும், படமுள்ள பக்கத்தை மட்டும் அச்சிட்டு முகவரிப் பக்கத்தை விட்டுவிட்டது பெருங்குறையாகப் பட்டது.

பழைய அட்டைகளைச் சேர்ப்பவர்கள் கையில் எடுத்தவுடன் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஜப்பானில் தனியார் அஞ்சலட்டை அச்சிட 1900இல் அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் முகவரிப் பக்கத்தில் செய்தி எழுதக் கூடாது என்பதால் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதினார்கள். 1907இல் அப்பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கும், 1918இல் பாதியும் செய்திக்கு விடப்பட்டன. என்னிடமுள்ள கடற்கரை அட்டை ஒன்றில் தேதி இல்லை, முத்திரையும் மை பரவி அழிந்துவிட்டது. ஆனால் பிரிக்கும் கோடு மூன்றில் ஒரு பங்கில் நிற்பதால், அது அவ்விரு ஆண்டுகளுக்கு இடையில் அச்சானது என்று சொல்ல முடிகிறது.

யனகிதாவைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். 1897இல் நண்பர்களோடு கவிதைத் தொகுப்பு வெளியிட்ட அவர், பின்னர் கவிதையை விட்டு மக்கள் வாய்மொழிக் கதைகளின் பக்கம் திரும்பி, 1910இல் தோனோ வட்டாரக் கதைகளை 350 படிகள் மட்டும் அச்சிட்டார். பயணங்களிலிருந்து குடும்பத்தாருக்கு அவர் எழுதிய 270 அட்டைகள் தனி நூலாகவே வந்துள்ளன. மாணவராக இருந்த 1898இல், இராகோ முனையில் கரையொதுங்கிய தேங்காய் ஒன்றை அவர் கண்டார். அந்தச் செய்தியைக் கேட்ட நண்பர் ஷிமசாகி தோசோன் அதைக் கவிதையாக்கினார். யனகிதாவோ அந்தத் தேங்காயை அறுபது ஆண்டுகளுக்கு மேல் மறக்கவில்லை. ஜப்பானியரின் முன்னோர் தெற்கிலிருந்து கடல்வழியே வந்தனர் என்று வாதிட்டு, இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1961இல் வெளியிட்ட நூலிலும் அது இடம்பெறுகிறது.

கரையில் கிடந்த தேங்காயைக்கூட எங்கிருந்து வந்தது என்று கேட்டவரின் அட்டையை, எங்கிருந்து யாருக்குப் போனது என்பதைக் காட்டாமல் வெளியிடுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அடுத்த ஞாயிறு இணைப்பில், சிறிய அளவிலேனும், முத்திரையும் கையெழுத்தும் தெரியும்படி மறுபக்கத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்சலட்டை சேகரிக்கும் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.