தீனிப் பூச்சிக்கும் ஒரு வாய்த் தண்ணீர்: இந்திய விலங்கு நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சட்டத்தை உங்களுக்கே எடுத்துச் சொல்வது முறையல்ல என்று தெரியும். ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, மனிதர் அல்லாத எந்த உயிரினமும் விலங்குதான் என்கிறது. முதுகெலும்பு இருக்க வேண்டும், ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் அதில் இல்லை. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றோடு நின்றுவிட்டது. நண்டும் கணவாயும் உணர்வுள்ள உயிர்கள் என்று அங்கே சட்டம் ஏற்பதற்கு 2022 வரை ஆயிற்று. பூச்சி அங்கே இன்னும் வெளியேதான் நிற்கிறது. நம் நாட்டில் அது அறுபது ஆண்டுக்கும் மேலாகச் சட்டத்துக்குள்ளே இருக்கிறது. ஆனால் இதுவரை அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

வீட்டில் வளர்க்கப்படும் டரான்டுலா என்ற பெரிய, மயிரடர்ந்த சிலந்திகளுக்கு உயிரோடு போடப்படும் பூச்சிகளைப் பற்றியே இந்த மடல். கிரிக்கெட் என்று விற்கப்படும் சுவர்க்கோழி, மாவுப்புழு, சூப்பர்வார்ம் என்ற பெரிய புழு, டூபியா கரப்பான், ரெட் ரன்னர் கரப்பான் ஆகியவை அவை. சிலந்திக்குத் தீனி போடக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. டரான்டுலா கீரையோ தவிடோ தின்னாது, அதற்குப் பூச்சிதான் உணவு. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: தீனிப் பூச்சிகளை எப்படி வைத்திருப்பது, எப்படி அனுப்புவது, எப்படித் தீனியாகக் கொடுப்பது என்று வாரியம் ஒரு நெறிமுறையை வெளியிட வேண்டும். இரண்டு பக்கம் போதும்.

ஏன் கேட்கிறோம் என்றால், அந்தப் பூச்சிகள் வந்து சேரும் டப்பா.

அரை லிட்டர் சாப்பாட்டுப் பார்சல் டப்பாதான். மூடியில் ஊசியைச் சுடவைத்துக் குத்திய ஏழெட்டு ஓட்டை. உள்ளே நூறு சுவர்க்கோழி, ஒரு பிடி கோதுமைத் தவிடு, முட்டை அட்டையில் கிழித்த ஒரு துண்டு. தண்ணீர் கிடையாது. ஈரம் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும், பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விற்பவர் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது பூச்சி. டப்பாவை அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, பஸ்ஸின் அடியில் சாமான் அறையில் ஏற்றிவிடுகிறார்கள். இறங்க வேண்டிய ஊரில் பார்சல் ஆபீஸ் மூடியிருந்தால் இன்னும் ஓர் இரவு. நடுவில் ஞாயிறு வந்தால் அதற்கும் மேல் ஒரு பகல்.

சுவர்க்கோழி சூடு விரும்பும் பூச்சி, 30 டிகிரியில் நன்றாகவே இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக்குக்குள், நூறு உடம்பின் மூச்சும் எச்சமும் கலந்த புழுக்கம் வேறு கதை. எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது அதுதான். தாகம் எடுத்தால் சுவர்க்கோழிக்கு ஈரம் கிடைக்கும் இடம் இன்னொரு சுவர்க்கோழியின் உடம்பு. அப்போதுதான் தோலுரித்து வெள்ளையாக, மெத்தென்று கிடப்பதை முதலில் தின்னும். பிறகு நொண்டுவதை. வந்து சேரும்போது நூறில் பாதி கறுத்துக் காய்ந்து கிடந்தால், சேதாரம் என்று சொல்லி அடுத்த முறை இருபது கூடுதலாகப் போட்டு அனுப்புகிறார்கள். நெரிசல் அதனால் இன்னும் கூடுகிறது.

அந்த டப்பாவைத் திறந்து, நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்றை ஓரமாக வைத்துப் பாருங்கள். உயிரோடிருப்பவை அத்தனையும் பஞ்சைச் சுற்றி, தலை உள்ளே, வால் வெளியே என்று வட்டம் கட்டிக்கொள்ளும். இடம் கிடைக்காதவை மற்றவற்றின் முதுகில் ஏறும். மீசை அறுந்தவை, பின்கால் ஒன்று போனவை, இறக்கை பாதி கடிபட்டவை எல்லாம் அந்த வட்டத்தில் இருக்கும். நிழல் பட்டாலே துள்ளி ஓடும் பூச்சி அது. அந்த நேரத்தில் விரலால் தொட்டாலும் பஞ்சிலிருந்து வாயை எடுக்காது.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஐம்பது பூச்சிக்கு இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு அல்லது கேரட். வெட்டிய பக்கத்தை ஒரு மணி நேரம் உலர விட்டு வைத்தால் தவிடு நனையாது. முட்டை அட்டையைப் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்தினால் அதே டப்பாவில் நிற்குமிடம் கூடும். மூடியில் உள்ளங்கை அகலம் வெட்டி, நைலான் வலைக்குப் பதில் கம்பி வலை ஒட்ட வேண்டும், நைலானைச் சுவர்க்கோழி கடித்துவிடும். எண்ணிக்கை பாதி. கோடையில் இரவுப் பயணம் மட்டும். வெள்ளி, சனி அனுப்பக் கூடாது. வீட்டில் வைத்திருக்கும்போது கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மூழ்கிச் சாகும், ஆகவே கூழாங்கல் போட்ட தட்டு, அல்லது தினம் மாற்றும் ஈரப்பஞ்சு. இவ்வளவுதான். அந்த இரண்டு பக்கத்தில் முதல் பக்கம் இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது பக்கம் தீனி போடும் நேரத்துக்கு.

சுவர்க்கோழியின் பின் தொடையை விரலால் கிள்ளினால் கால் தானாகக் கழன்று விழும். எதிரியிடம் காலை விட்டுவிட்டு உயிர் தப்பிக்க இயற்கை அதற்குக் கொடுத்த வழி. அதையே வைத்து, துள்ளி ஒளிந்துகொள்ளாமல் இருக்க இரண்டு பின்கால்களையும் கழற்றிவிட்டுச் சிலந்தியின் தொட்டிக்குள் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. மாவுப்புழு மண்ணுக்குள் புதைந்துகொள்ளாமல் இருக்கத் தலையை நசுக்கிப் போடுகிறார்கள். தலை போனால் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பூச்சிக்கு நரம்பு முடிச்சுகள் தலையில் மட்டும் இல்லை, மார்பிலும் வயிற்றிலும் வரிசையாக இருக்கின்றன. தலையில்லாத கரப்பான் நாள் கணக்கில் நிற்பதும் நடப்பதும் அதனால்தான். தலை நசுங்கிய புழு நெளிவதும் அதனால்தான். அந்த நெளிவு சிலந்தியை வரவழைக்கும் என்பதற்காகவே செத்தும் சாகாத நிலையில் விடுகிறார்கள்.

சிலந்தி உடனே பிடித்துவிட்டால் ஒரு வகையில் கதை முடிந்தது. பிடிக்காதபோதுதான் மோசம். தோலுரிக்கப் போகும் டரான்டுலா வாரக்கணக்கில் வாயைத் திறக்காது. சிலி நாட்டு ரோஜா டரான்டுலா காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே போட்ட கால் கழன்ற சுவர்க்கோழிக்கு அந்தத் தொட்டியில் தீனி இல்லை, ஒளிய இடமில்லை, வெளியே வர வழியில்லை. பலர் அதை அப்படியே விட்டுவிட்டு மறுவாரம் வந்து பார்க்கிறார்கள். இதில் சிலந்திக்கும் கேடு இருக்கிறது. தோலுரிக்கும்போது சிலந்தி மல்லாந்து படுத்திருக்கும், உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். பசித்த சுவர்க்கோழியோ சூப்பர்வார்மோ அதைக் கடித்தே கொன்றுவிடும்.

ஆகவே பழகியவர்கள் கடைப்பிடிக்கும் முறை எளிது. தோலுரிக்கப் போகும் அடையாளமாகச் சிலந்தியின் வயிறு கறுத்து மினுங்கினால், தன் வளையின் வாயை வலை நெய்து அது அடைத்தால், தீனி போடக் கூடாது. தோலுரித்தபின் விஷப்பல் வெள்ளையிலிருந்து சிவந்து, கறுத்துக் கெட்டியாகும்வரை ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. போட்ட இரையைச் சிலந்தி அன்றிரவு தின்னாவிட்டால் மறுநாளே வெளியே எடுத்துவிட வேண்டும். குஞ்சுச் சிலந்திகளுக்கு உயிருள்ள இரையே தேவையில்லை. கொன்று நறுக்கிய துண்டை வளை வாயில் வைத்தால் இரவில் வந்து தின்னும். வளர்ந்தவையும் பல நேரம் செத்த இரையை எடுக்கும், நீளமான இடுக்கியால் பிடித்து முன்கால் மேல் மெல்ல உரசினால் போதும். கொல்வதானால் முழுதாக, ஒரே அழுத்தில், தலையும் மார்பும் சேர நசுங்கும்படி கொல்ல வேண்டும். முன்பே ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டால் துள்ளாது, கை தவறாது. குளிரில் அசைவு நிற்பதாலேயே உணர்வும் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆகையால் குளிர்விப்பதோடு நிறுத்திவிடக் கூடாது.

எண்ணிக்கையும் ஒரு விஷயம். பல வகைகளில் பெண் டரான்டுலா இருபது ஆண்டுக்கு மேல் வாழும். வாரம் ஒரு பூச்சி என்றாலே ஆயிரத்தைத் தாண்டுகிறது. வளர்ந்த சிலந்திக்கு நாலைந்து சின்னச் சுவர்க்கோழிக்குப் பதில் பத்து நாளுக்கு ஒரு பெரிய டூபியா போதும், சாகும் உயிர்கள் குறையும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பூச்சிகளுக்கு வலி உண்டா என்று லண்டன் ஆய்வாளர்கள் சிலர் 2022-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி எட்டு அளவுகோல்களால் அளந்தார்கள். வளர்ந்த கரப்பான், ஈ வகைகள் ஆறில் தேறின. சுவர்க்கோழி வகைக்குச் சான்று அதைவிடக் குறைவு. அப்படியானால் எண்ணிக்கையைக் குறைக்கக் கரப்பானைப் போடுவது சரியா? இதை அறிஞர்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டியது வாரியம்தான். மறுபக்கச் சான்றும் இருக்கிறது. கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி இலையைத் தின்றுகொண்டிருந்ததை 1984-இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வலி இல்லை என்று வாதாடுபவர்கள் அதைத்தான் காட்டுவார்கள். இருக்கட்டும். வலி இருக்கிறதா இல்லையா என்று முடிவாகும்வரை ஒரு துண்டு உருளைக்கிழங்கு வைப்பதற்கு என்ன தடை?

இன்னொன்று, இது கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதப்படுகிறது. சட்டத்தின் 11(1) பிரிவில் 'எம்' என்ற உட்பிரிவு, வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொரு விலங்குக்கு இரையாகும்படி அடைத்து வைப்பதைக் குற்றம் என்கிறது. சரணாலயத்தில் புலிக்கு இரையாகக் கட்டிப்போடுவதை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தீனி போடுவதற்கு விளக்குப் பொருத்தி, பாட்டுச் சேர்த்து, ஒரே தொட்டியில் பத்துக் கரப்பானைக் கொட்டி, சிலந்தி ஒன்றை விட்டு ஒன்றைக் கடிப்பதை வீடியோவாகப் போட்டு லைக் வாங்குவது எந்தக் கணக்கில் வரும்? சிலந்தி பசித்திருந்ததா என்றுகூட அங்கே யாரும் கேட்பதில்லை. இதற்கு முதல் குற்றமானால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. யானைக்கும் நாய்க்கும் குதிரைக்கும் இதே 50 ரூபாய்தான் என்பதை நினைத்தால் பூச்சிக்காக மட்டும் வருந்திப் பயனில்லை. 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயல், பறவைகளுக்குக் கூண்டின் அளவு வரை இருக்கிறது. அந்த விதிகளையே எத்தனை கடைகள் மதிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிராக்கிபெல்மா மாதிரியான அயல்நாட்டுச் சிலந்தியை வைத்திருப்பவர் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பொரித்தால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும். சிலந்திக்கு இத்தனை ஏடு. அது தின்னும் ஆயிரம் உயிருக்கு ஒரு வரி இல்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள வேண்டுகிறோம். அபராதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை, உங்கள் கையில் இல்லை. ஆனால் அடைத்து வைப்பதிலும் கொண்டுபோவதிலும் தேவையற்ற துன்பம் நேராமல் இருக்க அரசுக்கு விதிகளைப் பரிந்துரைப்பதும், மக்களுக்கு எடுத்துச் சொல்வதும் சட்டத்தின் 9-ஆம் பிரிவு உங்களுக்கே கொடுத்த வேலை. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் போராடி இந்தச் சட்டத்துக்கு வழி செய்தார், 1962-இல் இந்த வாரியத்தின் முதல் தலைவராகச் சென்னையில் அமர்ந்தார். அந்தச் சட்டம் எந்த உயிரினமும் என்று சொல்கிறது. வாரியம் தொடங்கியது சென்னையில் என்பதால்தான், இங்கிருந்து அது இடம் மாறிப்போன பிறகும் தமிழில் எழுதுகிறோம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம். தீனிப் பூச்சிகளுக்கு ஒரு நெறிமுறையை வெளியிடுங்கள். பார்சலில் ஈரமும் காற்றும், கால் கழற்றவும் அரைகுறையாக நசுக்கவும் தடை, தின்னாத இரையை மறுநாள் வெளியே எடுப்பது, கேளிக்கைக்கு இரை போட்டுக் காட்டுவதற்குத் தடை, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். எல்லா மாநில மொழிகளிலும் அச்சடித்து, லைவ் ஃபுட் என்று தீனிப் பூச்சி விற்கும் கடைகளின் கல்லாப்பெட்டி அருகே ஒட்டச் சொல்லுங்கள். நெறிமுறை எழுதும் குழுவுக்குப் பூச்சி வளர்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டால், நாங்கள் வந்து டப்பாவைத் திறந்து காட்டத் தயார். வரும் பங்குனிக்குள் வெளியிட்டால், கோடைப் பார்சல்கள் கிளம்புவதற்கு முன் கடைக்காரர்கள் கைக்குப் போய்ச் சேரும்.

நன்றியுடன்,
டரான்டுலாவும் தீனிப் பூச்சியும் வளர்ப்பவர்கள் சிலர்